கொன்ஸ்தான்சியா வைனும் நம் கரை மனிதரும்: ஒல்லாந்தர் காலத் திருகோணமலைக் கடல்வழியிலிருந்து ஓர் ஆய்வு

1795 ஓகஸ்ட் இறுதியில் திருகோணமலைக் கோட்டையும் துறைமுக வாயிலைக் காத்த ஒஸ்டன்பேர்க் கோட்டையும் பிரித்தானியரிடம் சரணடைந்தன. மூன்று வாரத்துக்குள், செப்டெம்பர் 16ஆம் திகதி, ஆபிரிக்காவின் தென்முனையிலிருந்த கேப் குடியேற்றமும் அவர்கள் கைக்குப் போயிற்று. இரண்டிலும் ஒரே ஆவணம் காட்டப்பட்டது. பிரெஞ்சுப் படைக்கு அஞ்சி இங்கிலாந்துக்குத் தப்பியோடிய ஒரேஞ்ச் இளவரசர் ஐந்தாம் வில்லியம், ஒல்லாந்தக் குடியேற்றங்கள் பிரித்தானியப் படைக்கு இடங்கொடுக்க வேண்டும் என்று அவ்வாண்டு பெப்ரவரியில் எழுதிய கடிதம் அது. இரண்டு இடத்து அதிகாரிகளும் அதை மனதார ஏற்கவில்லை. எதிர்த்துப் பார்த்த பின்னரே பணிந்தார்கள்.

இந்த இரு துறைமுகங்களையும் நமது வரலாற்று நூல்கள் தனித்தனியே பேசுகின்றன. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஒரே கடல்வழியில் இருந்தவை என்பதால் இவற்றைச் சேர்த்தே படிக்க வேண்டும். அப்படிப் படிக்க, கேப் நகருக்குத் தெற்கே மலைச்சரிவில் அமைந்த கொன்ஸ்தான்சியா என்னும் வைன் தோட்டத்தை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரச மாளிகைகள் தேடி வாங்கிய இனிப்பு வைன் அங்கே பிறந்தது. தோட்டத்தை வளர்த்த குடும்பங்களின் பெயர்கள் உலகறிந்தவை. அதன் பிறப்பிலும் உழைப்பிலும் சோழமண்டலக் கரைக்கும் இலங்கைக்கும் இருக்கும் பங்கு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

திருகோணமலையில் வைன் தோட்டம் ஏன் எழவில்லை என்பதற்கு இயற்கையே பதில் சொல்கிறது. வைனுக்குரிய திராட்சைக் கொடி குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கி எழ வேண்டிய பயிர். வட அகலாங்கு எட்டரைப் பாகையில் அந்த உறக்கம் கிடையாது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை கொட்டுகிறது. பிறகு மாதக்கணக்கில் வெயில். கவாத்து என்னும் கொடி வெட்டலால் அந்த உறக்கத்தைச் செயற்கையாக வரவழைக்கலாம். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் முந்திரிகைப் பந்தல் போடுகிற விவசாயி செய்வது அதைத்தான். அந்தப் பழம் பெரும்பாலும் உண்பதற்கே போகிறது. கேப் முனையோ தென் அகலாங்கு 34 பாகையில் உள்ளது. மழை குளிர்காலத்தில் பெய்கிறது, பழுக்கும் கோடை வறண்டிருக்கிறது. கொன்ஸ்தான்சியாச் சரிவின் கருங்கல் சிதைந்த மண்ணில் ஃபால்ஸ் விரிகுடாவின் கடற்காற்று சூட்டைத் தணிக்கிறது. பழம் அவசரமின்றி, புளிப்பை இழக்காமல் இனிக்கிறது.

மண்ணும் காற்றும் ஏற்றவையாக இருந்தாலும், கேப்பில் கொடி நடப்பட்டதற்குக் காரணம் கப்பல்தான். 1652இல் கம்பனி யான் வான் ரீபேக்கை அங்கே அனுப்பியது, கிழக்கே போய்வரும் கப்பல்களுக்குத் தண்ணீர், காய்கறி, இறைச்சி கொடுக்கும் தங்குமிடம் அமைக்க. மாதக்கணக்கான பயணத்தில் மாலுமிகளைக் கொன்ற ஸ்கர்வி நோய்க்கு வைன் நல்லது என்ற நம்பிக்கை அக்காலத்தில் இருந்தது. 1655இல் கொடிகள் வந்தன. 1659 பெப்ரவரி 2ஆம் திகதி கேப்பின் முதல் திராட்சைச் சாறு பிழியப்பட்டதை வான் ரீபேக் தன் நாட்குறிப்பில் பதிந்தார். திருகோணமலை ஒல்லாந்தருக்கு நிலையான தளமானது 1665இல். 1639இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தபோது கோட்டையைக் கண்டி அரசனிடம் ஒப்படைத்துவிட்டார்கள். ஆக, 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இரண்டும் ஒரே நிர்வாகத்தின் புள்ளிகள்.

அந்த 1639இல்தான் கொன்ஸ்தான்சியாவை நிறுவிய சைமன் வான் டெர் ஸ்டெல் பிறந்தார், மொரீசியஸ் நோக்கிப் போன கப்பலில். தந்தை அட்ரியான் மொரீசியஸில் கம்பனியின் தளபதி. தாய்வழிப் பாட்டி மோனிக்கா என்று பதிவாகியிருக்கும் இந்தியப் பெண். அட்ரியான் பின்னர் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, 1646இல் இரண்டாம் இராசசிங்கனின் படையால் கொல்லப்பட்டார். தென்னாபிரிக்க வைனின் தந்தை என்று போற்றப்படுபவர் இந்தியப் பாட்டியின் பேரன். அவருடைய தந்தை மாண்டது நம் தீவில். நமது பாடநூல்களில் இந்தச் செய்திக்கு ஒரு வரியாவது இருந்திருக்க வேண்டும்.

சைமன் ஆசியாவில் வளர்ந்து ஒல்லாந்து போய், ஆம்ஸ்டர்டாமுக்கு அருகே முய்டர்பேர்க்கில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார். 1679இல் கேப்புக்குத் தளபதியாக வந்தபோது தொழில் தெரிந்தவராகவே வந்தார். 1685இல் அவருக்குக் கொன்ஸ்தான்சியா நிலத்தை வழங்கியவர் ஹென்ட்ரிக் வான் ரீடே. மலபாரில் கம்பனித் தளபதியாக இருந்தபோது இட்டி அச்சுதன் போன்ற நாட்டு வைத்தியர்களின் அறிவைத் திரட்டி, 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ என்ற மூலிகை நூலை உருவாக்கியவர் இவரே. கம்பனித் தளங்களைச் சோதிக்கும் ஆணையாளராகப் புறப்பட்டவர் வழியில் கேப்பில் தங்கினார்; அங்கே அடிமை விடுதிக்கு விதிமுறை வகுத்தார்; நிலத்தையும் வழங்கினார்; பின் கிழக்கே வந்தார். சோழமண்டலத் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாற்றும் முடிவும் அவருடையதே. ஒரு வைன் தோட்டத்தின் பத்திரமும் நாகப்பட்டினத்தின் எழுச்சியும் ஒரே மனிதரின் ஒரே பயணத்தில் நிகழ்ந்தன.

வான் டெர் ஸ்டெல் தொழிலில் காட்டிய கண்டிப்புக்கு 1686ஆம் ஆண்டுக் கட்டளை சான்று. பழம் போதிய அளவு பழுத்திருக்கிறதென்று பார்வையிட்டு அனுமதிக்கும் முன் எவரும் பிழியக் கூடாது. மீறினால் 60 ரிக்ஸ்டொலர் தண்டம். அதுவரை கேப் வைன் புளித்துக் கசந்தது என்பதே பொதுப் பேச்சாக இருந்தது. பழுக்காததைப் பறித்ததும், பீப்பாய்கள் அழுக்காக இருந்ததும் காரணங்கள். சுவையின் அடிப்படை கொடியில் காத்திருப்பது என்று அவர் கண்டார். அத்தோட்டம் பெயர் பெற்றது அந்தக் காத்திருப்பால்தான் என்பது என் முடிவு.

1712இல் அவர் இறந்தபின் நிலம் மூன்றாகப் பிரிந்தது. அதில் ஒரு பங்கில் வைன் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பி கொன்ஸ்தான்சியா என்ற பெயரை முதலில் நிலைநாட்டியவர் யொஹானஸ் கொலைன். கினியாவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்குப் பிறந்த மரியா எவர்ட்ஸின் மகன் அவர். கொலைன் குடும்பம் தலைமுறைகளாக அத்தொழிலை நடத்தியது. வெள்ளைத் துரைமாரின் கலை என்று மட்டும் இவ்வரலாற்றைச் சொல்வோர் கொலைனைக் கடந்து போய்விடுகிறார்கள்.

மற்றொரு பங்கான குரூட் கொன்ஸ்தான்சியாவை 1778இல் ஹென்ட்ரிக் குளூட்டே வாங்கினார். கேப்பின் முதல் குடியேறிகளில் ஒருவரான யாக்கோப் குளூட்டேயின் வழித்தோன்றல். பாழடைந்த தோட்டத்தைப் புதுப்பித்தார், கொடிகளை மறுபடி நட்டார். வெள்ளை, சிவப்பு மஸ்கட் வகைகளோடு பொன்டாக் என்னும் கருந்திராட்சையையும் வளர்த்தார். பழத்தைக் கொடியிலேயே வாட விடுவது அவர்களின் முறை. நீர் வற்ற வற்ற இனிப்பும் மணமும் செறியும்; காம்பும் கெட்ட பழமும் நீக்கப்பட்டுச் சாறு பிழியப்படும்; நொதித்தல் மெதுவாக நடந்து, மீதி இனிப்போடு நிற்கும். வாட விட்டால் சாறு குறையும் என்பதால் விளைச்சலில் பெரும் இழப்பு. விலையில்தான் அது ஈடுகட்டப்பட வேண்டும். கம்பனியோ ஆண்டுதோறும் ஒரு பங்கைத் தானே நிர்ணயித்த விலையில் எடுத்துக்கொண்டு, ஒல்லாந்துக்கும் பத்தேவியாவுக்கும் (இன்றைய யகார்த்தா) அனுப்பியது. இதனால் குளூட்டேக்கும் அதிகாரிகளுக்கும் ஓயாத பிணக்கு இருந்தது.

இக்காலத்தில் கேப்புக்கும் திருகோணமலைக்கும் இருந்த தொடர்பு இன்னும் நெருக்கமானது. 1781இல் பிரித்தானியருக்கு முந்திக் கேப்பை அடைந்து அதைக் காத்த பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரன், இடையில் பிரித்தானியர் பிடித்திருந்த திருகோணமலையை அடுத்த ஆண்டு ஓகஸ்டில் அவர்களிடமிருந்து பறித்தார். செப்டெம்பர் 3ஆம் திகதி நமது கடலில் நடந்த போர் அதன் தொடர்ச்சி. கம்பனிக்காகத் திரட்டப்பட்ட சுவிஸ் மெயுரோன் படைப்பிரிவு 1783இல் கேப்பில் இறங்கியது. பின்னர் இலங்கைக்கு மாற்றப்பட்டது. 1795இல் பிரித்தானியச் சேவைக்குப் போனது. அப்படையோடு வந்த பொறியாளர் லூயி திபோ கேப்பிலேயே தங்கிவிட்டார். 1791இல் குளூட்டே கட்டிய வைன் கிடங்கு அவருடைய வடிவமைப்பு என்று கருதப்படுகிறது. முகப்புச் சிற்பம் அன்டன் ஆன்ரெய்த் வடித்தது. கிடங்கு இன்றும் நிற்கிறது.

இனி, உழைத்தவர்களைப் பற்றி. 1658 முதல் 1808 வரை கேப்புக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் சுமார் 63,000 பேர் என வரலாற்றாய்வாளர் ரொபர்ட் ஷெல் மதிப்பிட்டார். அதில் ஏறக்குறைய கால் பங்கினர் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவர்கள். வங்கம், மலபார், சோழமண்டலம், இலங்கை என்று அவர்கள் ஏறிய கரையே பதிவேடுகளில் அவர்களின் பின்பெயராக நிற்கிறது. தாய் தந்தை வைத்த பெயர் பெரும்பாலும் இல்லை. விற்ற கரையின் பெயர் இருக்கிறது, அல்லது கிழமை, மாதப் பெயர்.

அவர்கள் எப்படிப் புறப்பட்டார்கள் என்பதை நாம் அறிந்தே தீர வேண்டும். 1659 முதல் 1661 வரை பீஜப்பூர்ப் படையெடுப்பால் தஞ்சை நாடு சூறையாடப்பட்டு, பஞ்சம் மூண்டது. சோறில்லாத மக்கள் பிள்ளைகளை விற்றார்கள், தம்மையே விற்றார்கள். நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் கம்பனி 8,000 முதல் 10,000 பேர் வரை வாங்கியது என்பது ஒல்லாந்த ஆவணங்களிலிருந்து மார்க்கஸ் விங்க் எடுத்துக்காட்டும் கணக்கு. பெரும்பான்மையினர் அனுப்பப்பட்ட இடம் இலங்கை. சிறுபகுதியினர் பத்தேவியாவுக்கும் மலாக்காவுக்கும் போனார்கள். பின்வந்த பஞ்சங்களிலும் இதுவே நடந்தது. கம்பனியின் கப்பல்வழி கேப் வரை நீண்டிருந்ததால், விற்கப்பட்டவர்களில் பலர் கடைசியில் இறங்கிய கரை தென்னாபிரிக்கா.

கேப்பின் தோட்டங்களைப் போலவே கொன்ஸ்தான்சியாவும் அடிமை உழைப்பில் நடந்த தோட்டம். குளிரில் கவாத்து, வசந்தத்தில் களையெடுப்பு, பெப்ரவரி முதல் அறுவடை, காலால் மிதித்துச் சாறு எடுத்தல், பீப்பாய் கழுவுதல் எல்லாம் அவர்கள் கையால். வாடிய பழத்தையும் வாடாததையும் பிரித்தறியும் கண் யாருடையது? வெயிலில் நின்று பறித்தவருடையது. குளூட்டேயின் கைத்திறன் என்று எழுதப்படுவதில் பெரும் பகுதி பெயரற்ற இவர்களின் பயிற்சியும் பொறுமையும் என்று கொள்வதே நேர்மை. உழைப்புக்கு ஈடாக மலிவு வைன் ஊற்றிக் கொடுக்கும் ‘டொப்’ முறையும் அங்கே வேரூன்றியது. அடிமை முறை ஒழிந்த பிறகும், சட்டம் தடுத்த பிறகும், 20ஆம் நூற்றாண்டின் இறுதிவரை பல பண்ணைகளில் அது நீடித்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் பிள்ளைகள் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவாகும் பகுதிகளில் மேற்குக் கேப்பும் ஒன்று. வைனின் புகழைப் பாடும் எந்த எழுத்தும் இதை விட்டுவிடக் கூடாது.

புகழ் உச்சத்தில் இருந்தது. சென் ஹெலினாத் தீவில் சிறைப்பட்ட நெப்போலியன் இந்த வைனைக் குடித்தான். ஜேன் ஒஸ்டின் 1811இல் வெளிவந்த நாவலில் இதைக் குறிப்பிட்டார். பின்வந்த சரிவுக்குப் பல காரணங்கள். 1834இல் அடிமை முறை ஒழிப்பு அமுலுக்கு வந்தது. நான்காண்டுக் கட்டாயப் பயிற்சிக் காலம் கழிந்து 1838 டிசம்பரில்தான் மக்கள் உண்மையில் விடுதலை பெற்றார்கள். 1860இல் பிரித்தானியாவும் பிரான்சும் செய்த வணிக உடன்படிக்கையால் கேப் வைனுக்கு இருந்த வரிச்சலுகை போயிற்று. சாம்பல் நோய் கொடிகளைத் தாக்கியது. 1885இல் குளூட்டே குடும்பம் தோட்டத்தை அரசிடம் விட்டது. அடுத்த ஆண்டே வேரை அரிக்கும் ஃபைலொக்சரா பூச்சி கேப்பில் உறுதியானது. ஏறத்தாழ நூறாண்டு அந்த இனிப்பு வைன் பேச்சளவில்தான் இருந்தது.

1980இல் யூஸ்ட்டே குடும்பம் அதே சரிவிலுள்ள கிளைன் கொன்ஸ்தான்சியாத் தோட்டத்தை வாங்கியது. பழைய பதிவுகளைத் தேடிப் படித்து, பேராசிரியர் கிறிஸ் ஓர்ஃபர் உதவியோடு பழைய மஸ்கட் கொடியின் வழித்தோன்றல்களைத் தெரிந்து நட்டார்கள். 1986 விளைச்சலில் பழைய வைனை மீட்டார்கள். ஒரே தோட்டத்தில் பலமுறை சுற்றிவந்து, வாடிய பழத்தை மட்டும் கையால் பறிக்கும் முறை மீண்டது. 2011இல் அந்தக் குடும்பமும் தோட்டத்தை விற்றுவிட்டது. குரூட் கொன்ஸ்தான்சியா மனையில் இன்று இயங்கும் அருங்காட்சியகம் அடிமைகளின் வாழ்வைக் காட்சிப்படுத்துகிறது. தோட்டக்காரரின் வரலாற்றோடு உழைப்பாளரின் வரலாறும் ஒரே கூரையின் கீழ் வந்தது நல்ல மாற்றம்.

நம் பக்கத்து வேலை அப்படியே கிடக்கிறது. ஒல்லாந்தக் கம்பனியின் ஆவணங்கள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. அவற்றில் கேப் நகரம், கொழும்பு, சென்னை, யகார்த்தா, ஹேக் ஆகிய இடங்களில் உள்ள தொகுதிகள் அடங்கும். கொழும்புத் தேசிய சுவடிக்கூடத்தில் மட்டும் ஆயிரக்கணக்கான தொகுதிகள் இருக்கின்றன. கேப் பதிவேடுகளில் இலங்கை, சோழமண்டலம் என்று எழுதப்பட்டவர்களைக் கொழும்பு, சென்னைப் பதிவுகளோடு ஒப்பிட்டால், எந்தக் கப்பலில், எந்த ஆண்டு, எந்தத் துறையிலிருந்து போனார்கள் என்பதில் ஒரு பகுதியையாவது மீட்கலாம். அதற்குப் பழைய ஒல்லாந்த மொழி படிக்கத் தெரிந்த தமிழ் ஆய்வாளர்கள் வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையும் ஒல்லாந்த மொழிப் பயிற்சியைத் தொடங்கி, இரண்டு மூன்று மாணவர்களையேனும் கேப் நகரச் சுவடிக்கூடத்துக்கு அனுப்ப முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.