பக்கத்தில் இருக்க ஒரு கூட்டாளி

எச்.ஐ.வி. பற்றிக் கதை எடுத்தாலே என்னிடம் முதலில் கேட்கப்படுவது, "எப்படித் தொற்றினதாம்?" என்பதுதான். அந்த மனிதரோடு இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்பவர்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள்தான் உலகின் சில இடங்களில் துணைத் தொண்டர் குழுக்களை உருவாக்கினார்கள்.

அமெரிக்காவில் 1981இல் எயிட்ஸ் பதிவானது. அடுத்த ஆண்டே நியூயோர்க்கில் 'கே மென்ஸ் ஹெல்த் க்ரைசிஸ்' தொடங்கியது. மருந்து இல்லாத காலம். வைத்தியசாலைகளிலேயே சாப்பாட்டுத் தட்டை அறை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். இந்த அமைப்பின் தொண்டர்கள் நோயாளிகளுக்குக் கூட்டாளிகள் ஆனார்கள். சமைத்தார்கள், உடுப்புத் தோய்த்தார்கள், வைத்தியரிடம் கூட்டிப்போனார்கள், வளர்ப்பு நாயை உலாவக் கொண்டுபோனார்கள்.

சான் பிரான்சிஸ்கோ பகுதியில் இயங்கிய அமைப்பின் பெயர் நமக்கும் தெரிந்த சொல்: 'சாந்தி'. சார்ள்ஸ் கார்ஃபீல்ட் என்ற உளவியலாளர் 1974இல் அதைத் தொடங்கியபோது புற்றுநோய் போன்ற கடும் நோயுள்ளவர்களே மனதில் இருந்தார்கள். எயிட்ஸ் வந்தபின் வேலை அந்தப் பக்கம் திரும்பியது. வீட்டு வேலைக்கு ஒரு பகுதித் தொண்டர்கள், மனத் துணைக்கு இன்னொரு பகுதி. மனத் துணைக்குப் போனவர்களுக்குப் பழக்கியது, புத்தி சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பதை. செத்தவீட்டிலும் புத்தி சொல்லும் எங்கள் சனத்துக்கு இது லேசான பாடமல்ல.

எனக்கு நெருக்கமாகத் தோன்றுவது உகண்டா. 1986இல் உள்நாட்டுப் போரில் ஆட்சி மாறிய நாடு. மறு ஆண்டே நோரீன் கலீபாவும் இன்னும் 15 பேரும் சேர்ந்து 'டாசோ'வைத் தொடங்கினார்கள். விபத்தொன்றின் பின் ஏற்றிய இரத்தத்தால் தொற்றுக்குள்ளான அவருடைய கணவர் அப்போதுதான் இறந்திருந்தார். சேர்ந்தவர்களில் பலருக்கும் தொற்று இருந்தது. வெளியிலிருந்து இரங்கி வந்தவர்களின் வேலையாக அது இருக்கவில்லை. நோயாளியின் வீட்டுக்கே போனார்கள், குடும்பத்தோடு பேசினார்கள்.

இலங்கையிலும் கமலிகா அபேரத்ன என்ற குழந்தை வைத்தியருக்கு விபத்தின்பின் ஏற்றிய இரத்தத்தால் தொற்று வந்தது. அவர் அதை வெளிப்படையாகச் சொல்லி, மற்றவர்களுக்காக உழைத்தார். இத்தகைய கதைகளைச் சொல்லும்போது ஒரு தயக்கம் எனக்கு உண்டு: 'அவர்கள் பாவம், மற்றவர்கள் தேடிக்கொண்டவர்கள்' என்று பிரிக்க அது வழிவிடும். தொற்று வந்த வழியை விசாரித்துவிட்டுத்தான் துணைக்குப் போவது என்றால் அது துணையே இல்லை.

இப்போது நிலைமை வேறு. மருந்தை ஒழுங்காக எடுத்து இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து பாலுறவால் தொற்று பரவாது. இலங்கையில் அரச வைத்தியசாலைகளின் பாலியல் நோய்ச் சிகிச்சைப் பிரிவுகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். யாழ்ப்பாணத்திலும் அந்தப் பிரிவு உண்டு. ஆனால், ஒழுங்கையில் எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் அந்த வாசலுக்குப் போவதே பெரும்பாடு.

இங்கே அப்படி ஒரு குழு அமைவதானால் படிவத்தோடு வரக்கூடாது என்பது என் எண்ணம். காணாமல்போனோர், வீடு, காணி என்று எத்தனையோ பதிவுகளில் பெயர் கொடுத்துக் களைத்த சனம் இது. தொண்டருக்கு முதல் பயிற்சி வாயைக் காப்பது. ஒரே ஊர்த் தொண்டர் வேண்டுமா, அயலூர்க்காரர் வேண்டுமா என்பதை நோயாளியே தீர்மானிக்க வேண்டும். கிளினிக் நாளில் கூடப் போய் வெளியே வாங்கில் இருந்தாலே போதும் என்று சொல்பவரும் இருப்பார்.