சுவாமிமலையைக் கடந்து சென்ற நாடக ரயில்

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் செல்லும் ரயிலில் பாபநாசத்தைத் தாண்டினால் சுவாமிமலை நிலையம் வரும். இங்கே இறங்குவோர் பெரும்பாலும் முருகன் சன்னிதிக்கு அறுபது படிகள் ஏறப் போகிறவர்கள்; அல்லது ஸ்தபதிகளிடம் ஐம்பொன் படிமத்துக்குச் சொல்லிவைக்க வருகிறவர்கள். ஆனால் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் இதே தடத்தில், கோயிலுக்கோ கச்சேரி வழக்குக்கோ அல்லாமல், ஒரு பெண்மணியின் நாடகத்தைக் காண்பதற்காகவே மக்கள் ரயிலேறினார்கள். அந்த ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ‘பாலாமணி ஸ்பெஷல்’.

கும்பகோணம் பாலாமணி அம்மையாரைப் பற்றி இலக்கிய வாசகர்கள் எங்கேனும் ஒரு வரி படித்திருக்கக்கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் புகழின் உச்சியில் இருந்தவர். நடிகை, பாடகி, அனைத்துக்கும் மேலாக ஒரு நாடகக் கம்பெனியின் உரிமையாளர். அவருடைய கம்பெனியில் பெண்களே நடித்தார்கள். அரசன், மந்திரி, காதலன் ஆகிய ஆண் வேடங்களும் பெண்களுக்கே. ஆண்களே பெண் வேடம் கட்டிய காலத்தில் இது எத்தகைய தலைகீழ் மாற்றம் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதே போன்ற ஒரு வாழ்க்கையை நாம் லண்டனில் காண்கிறோம். மேடம் வெஸ்ட்ரிஸ் என்று அழைக்கப்பட்ட லூசியா எலிசபெத் வெஸ்ட்ரிஸ் (1797–1856) 1815இல் இத்தாலிய இசை நாடகத்தில் பாடகியாக அறிமுகமானார். 1820இல் ‘லண்டனில் ஜியோவானி’ என்ற கேலி நாடகத்தில் ஆண் வேடமிட்டுப் பெரும் புகழ் பெற்றார். இசை கேட்க வந்தவர்களைவிட, காற்சட்டையில் தெரிந்த அவருடைய கால்களைக் காண வந்தவர்களே மிகுதி என்று அக்காலத்தார் பேசிக்கொண்டனர். ஆனால் 1830இல் ஒலிம்பிக் அரங்கைக் குத்தகைக்கு எடுத்து, அதைத் தாமே நிர்வகித்தார். காலத்துக்குப் பொருந்தும் உடைகள், உண்மையான அறைபோல் தோன்றும் மேடை அமைப்பு என்று அவர் செய்த சீர்திருத்தங்களைப் பிற்கால ஆங்கில மேடை தன் இயல்பாகவே ஆக்கிக்கொண்டது.

இந்த இருவரையும் நாம் அருகருகே வைப்பது புகழின் ஒற்றுமைக்காக மட்டுமன்று. சட்டத்தில் இருவரும் நின்ற இடத்துக்காகவும்தான். அன்றைய இங்கிலாந்தில் மணமான பெண்ணின் சொத்து கணவனுக்கே உரியது. வெஸ்ட்ரிஸின் கணவர் 1825இலேயே இறந்துவிட்டார். கைம்பெண் என்பதாலேயே அவரால் தம் பெயரில் ஒப்பந்தம் செய்ய முடிந்தது. 1838இல் நடிகர் சார்லஸ் மாத்யூஸை மறுமணம் செய்தபின் அரங்கின் கடன்கள் கணவர் தலையில் ஏற, மாத்யூஸ் 1842இல் திவாலானார்.

காவிரிக் கரையிலும் நிலை வேறல்ல. இல்லத்தரசிகள் மேடையேறுவது நினைத்தும் பார்க்க முடியாதது. தேவதாசி மரபில் வந்த பெண்களுக்கோ இசையும் கல்வியும் இளமையிலேயே கிட்டின. சொத்துரிமையும் தத்தெடுக்கும் உரிமையும் அவர்களுக்கு இருந்தன. ஒரு நாடகக் கம்பெனியை நடத்தத் தேவையான கலை, முதல், துணிவு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த பெண்கள் அன்று அம்மரபில்தான் இருந்தார்கள். பாலாமணி அம்மரபினர். சமூகம் எந்தக் காரணத்தைச் சொல்லி அவரை விலக்கி வைத்ததோ, அதே காரணம்தான் அவரைச் சுதந்திரமாக நிற்கவும் வைத்தது.

அவர் நடத்திய நாடகங்களில் இரண்டை இன்றும் குறிப்பிடுகிறார்கள். ஒன்று ‘தாரா சசாங்கம்’. குருபத்தினியான தாரை, சந்திரனுக்கு எண்ணெய் தேய்க்கும் காட்சியில் பாலாமணி உடலின் நிறத்தோடு ஒட்டிய மெல்லிய உடையில் தோன்றினார் என்பது நாடக உலகின் பேச்சில் நிலைத்துவிட்டது. வெஸ்ட்ரிஸுக்குக் கால்கள், பாலாமணிக்கு இந்த எண்ணெய்க் காட்சி. அரங்கை ஆண்ட பெண்களை நினைவுகூரும்போது இரு நாட்டவரின் நாவும் ஒரே பக்கம்தான் சாய்கிறது.

மற்றொன்று ‘டம்பாச்சாரி விலாசம்’. காசி விசுவநாத முதலியார் 1860களில் எழுதியது. புராணத்தை விட்டுச் சமகால வாழ்க்கையை மேடைக்குக் கொண்டுவந்த தொடக்ககால நாடகங்களுள் ஒன்று. தந்தை சேர்த்த செல்வத்தைத் தாசி வீட்டில் தொலைத்து நடுத்தெருவுக்கு வரும் ஒரு செல்வந்தனின் கதை. நம்மை நின்று யோசிக்க வைப்பது இதுதான். கம்பெனியை நடத்துபவர் தேவதாசி மரபில் வந்தவர். ஏமாறும் செல்வந்தனாக நடிப்பவரும் ஒரு பெண். கொட்டகையின் முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்களோ குறுவையும் சம்பாவும் விளைந்த பணத்தோடு வந்த டெல்டா மிராசுதார்கள். மிராசுதார்களின் கதையை மிராசுதார்களுக்கே நடித்துக் காட்டி, அதற்குக் கட்டணமும் வாங்கிய அந்தத் துணிவை வரலாறு ஏன் எண்ணெய்க் காட்சிக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டது?

விடை, நினைவுகளை எழுதியவர்கள் யார் என்பதில் இருக்கிறது. பாலாமணியை நாம் அறிவது பெரும்பாலும் பின்வந்த ஆண் நாடகக்காரர்களின் குறிப்புகள் வழியாகவே. அவருள் முதன்மையானவர் அவ்வை தி. க. சண்முகம்; அவருடைய ‘எனது நாடக வாழ்க்கை’ 1972இல் வெளிவந்தது. 1912இல் பிறந்த சண்முகம், சிறுவனாக மேடையேறியபோது பாலாமணியின் பெருவாழ்வு பழங்கதையாகிக்கொண்டிருந்தது. அவர் மதிப்போடுதான் எழுதுகிறார். ஆயினும் மூத்தோர் வாய்ச்சொல்லாக வந்து சேர்ந்தவற்றில் வியப்பும் கிளுகிளுப்புமே முதலில் நீந்திக் கரையேறுகின்றன. கணக்கும் ஒத்திகையும் நிர்வாகமும் நடுவழியில் மூழ்கிவிடுகின்றன.

ரயிலையே எடுத்துக்கொள்வோம். திருச்சியிலிருந்தும் மாயவரத்திலிருந்தும் மாலையில் புறப்பட்ட சிறப்பு ரயில்கள், நாடகம் முடிந்தபின் பின்னிரவில் ரசிகர்களைத் திரும்பக் கொண்டுசென்றன என்கிறார்கள். திருச்சி வண்டி சுவாமிமலையைக் கடந்துதான் கும்பகோணம் சென்றிருக்க வேண்டும். இதை மைனர்களின் மோகத்துக்குச் சான்றாகச் சிரித்துக்கொண்டே சொல்வது வழக்கம். நமக்கோ வேறொன்று தோன்றுகிறது. திருச்சிக்கும் கும்பகோணத்துக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அந்தத் தொலைவிலிருந்து ஒரு வண்டி நிறைய ஆட்களை வரவழைக்கவும், குறித்த நேரத்தில் திரையை உயர்த்தவும், வண்டி புறப்படும் முன் மங்களம் பாடி முடிக்கவும் எவ்வளவு ஒழுங்கு வேண்டும்! அது மோகத்தின் வெற்றி மட்டுமன்று, நிர்வாகத்தின் வெற்றியும்கூட.

இரு பெண்களின் இறுதிக்காலமும் கடன், வறுமை என்றே முடிகிறது. அள்ளி வழங்கிய பாலாமணி, முதுமையில் மதுரையில் ஏழ்மையில் வாழ்ந்து மறைந்தார். நடிகர் சி. எஸ். சாமண்ணா பிறரிடம் பொருள் திரட்டி இறுதிக் கடன் செய்வித்தார் என்பது நாடக உலகம் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அதே சாமண்ணாவின் கம்பெனியில்தான் சுவாமிமலைக்கு மேற்கே, காவிரிக் கரைத் திருவையாற்றில் பிறந்த ஒரு சிறுமி நடிக்கச் சேர்ந்திருந்தார். அவர்தான் டி. பி. ராஜலட்சுமி, 1931இல் ‘காளிதாஸ்’ படத்தின் நாயகி, 1936இல் ‘மிஸ் கமலா’வை இயக்கித் தயாரித்தவர். பாலாமணி திறந்துவிட்ட வாசலை அவர் அறிந்தே கடந்தாரா என்பது கேள்வியன்று. வாசல் திறந்திருந்தது என்பதே செய்தி.

சுவாமிமலை நிலையத்தில் அந்த ரயிலுக்குப் பெயர்ப்பலகை ஏதும் வேண்டாம். அடுத்த முறை இவ்வழியே செல்லும் நண்பர்கள், தாரைக்கு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்த அந்தக் கைகளே சம்பளக் கணக்கையும் எழுதின என்பதை ஒருகணம் நினைத்துக்கொண்டால் போதும்.