திறமைக்கு ஒரு நுழைவுச் சீட்டு

பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறி வாழும் நமக்கு இரண்டு கேள்விகள் மிகவும் பழக்கமானவை. புதிதாக எவரைச் சந்தித்தாலும் "உமக்கு எந்த ஊர்?" என்று முதலில் கேட்பார்கள், "என்ன வேலை பார்க்கிறீர்?" என்பது அடுத்து வரும. நம் நாட்டினுள் இவை பேச்சுத் துணைக்காகக் கேட்கப்படுபவை. தில்லிக்கோ மும்பைக்கோ ரயிலேறுவதற்கு நாம் எவருடைய அனுமதியையும் பெற வேண்டியதில்லை. கடல் கடந்து தொழில் செய்யப் புறப்படுவோருக்கோ இவ்விரண்டும் வாயிற்காவலனின் கேள்விகளாகி விடுகின்றன. இவற்றுள் எதை முதலில் கேட்பது என்பதில் உலக நாடுகள் சென்ற நூற்றிருபது ஆண்டுகளில் மனம் மாறி வந்திருக்கின்றன. அந்த வரலாற்றை ஒரு தொழிலின் பக்கத்தில் நின்று பார்க்க விரும்புகிறோம்.

இவ்விருப்பத்தை உண்டாக்கியவன் நம் நண்பர் ஒருவரின் மகன். தில்லியில் பிறந்து வளர்ந்தவன். ஆமதாபாத்தில் பொருள் வடிவமைப்புப் பயின்று, புனேயில் ஒரு தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகளாகப் பணிபுரிகிறான். சமையலறைக் கலவை யந்திரத்தின் கைப்பிடி பிடிக்க இதமாக இருக்கிறதா, மூடி வழுவாமல் பூட்டிக் கொள்கிறதா, அச்சில் வார்க்கும்போது செலவு மிகாமல் வருமா என்று ஆராய்ந்து, அதற்கு வடிவம் தருவது அவன் வேலை. ஆஸ்திரேலியாவில் குடியேற விண்ணப்பிக்க எண்ணியவன், படிவத்தில் தொழிலின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் தயங்கி நின்றான். "மாமா, மொழிபெயர்ப்புத்தானே உங்கள் உத்தியோகம்? என் தொழிலுக்கு ஒரு பெயர் சொல்லுங்கள்" என்றான். நாம் சிரித்தோம். ஆனால் அந்தப் பெயரின் பின்னே எத்தனை சங்கதிகள் இருக்கின்றன என்பது பிறகுதான் விளங்கியது.

முதற்கேள்வி மட்டுமே கேட்கப்பட்ட காலத்தை முதலில் காண்போம். ஆஸ்திரேலியக் கூட்டாட்சி பிறந்த 1901ஆம் ஆண்டிலேயே அங்கே குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. ஆசியர் வரலாகாது என்று அச்சட்டம் வெளிப்படையாகக் கூறவில்லை. கப்பலில் வந்திறங்குபவரிடம் அதிகாரி ஐம்பது சொற்கள் கொண்ட ஒரு பகுதியைப் படிப்பார். வந்தவர் அதைக் கேட்டெழுத வேண்டும். எந்த ஐரோப்பிய மொழியில் படிப்பது என்பது அதிகாரியின் விருப்பம். ஆங்கிலம் அறிந்த இந்தியருக்கு, அவர் அறியாத வேறொரு மொழியில் சொன்னால் போதும், கதவு சாத்தப்பட்டு விடும். 1934இல் பிராகா நகரத்து எழுத்தாளர் எகோன் கிஷ் என்பவரைத் தடுக்க எண்ணிய அதிகாரிகள் பெருஞ்சங்கடத்துக்கு உள்ளாயினர். அவரோ பல மொழி கற்றவர். ஆகவே ஸ்காத்லாந்தின் கேலிக் மொழியில் பரீட்சை வைத்தனர். கேலிக் அச்சட்டம் குறிக்கும் ஐரோப்பிய மொழி ஆகாது என்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் கூறிவிட, பரீட்சையின் வேஷம் கலைந்தது. மொழியையே தொழிலாகக் கொண்ட நமக்கு, மொழியைத் தாழ்ப்பாளாகப் பயன்படுத்திய இந்தச் செய்தி சற்றுக் கூடுதலாகவே உறுத்துகிறது. அப்பரீட்சை 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் ஒழிந்தது.

கனடா வேறொரு தந்திரத்தைக் கையாண்டது. பிறந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் இறங்காமல் நேரே பயணம் செய்து வருபவர்க்கே இடம் என்று 1908இல் விதி செய்தது. இந்தியாவிலிருந்து அவ்வாறு நேரே செல்லும் வழி அப்போது இல்லை. 1914ஆம் ஆண்டு மே மாதம் 376 பேருடன் வான்கூவர் துறைமுகத்தை அடைந்த கோமகதா மாரு கப்பல் இரண்டு மாதம் கரையோரம் காத்துக் கிடந்து, திருப்பி அனுப்பப்பட்டது. கல்கத்தாவை அடுத்த பஜ்பஜ்ஜில் அக்கப்பலில் வந்தோர்மீது துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்து உயிர்கள் மாண்டன. இதற்காகக் கனடாவின் பிரதமர் தம் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரியது 2016இல். அமெரிக்காவோ 1917இல் ஆசியாவின் பெரும் பகுதியைத் 'தடை மண்டலம்' என்று வரையறுத்து விட்டது. 1946இல் அத்தடை தளர்ந்தபோது இந்தியருக்குக் கிடைத்தது ஆண்டுக்கு நூறு இடங்கள்.

வலங்கைமானில் பிறந்த ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார் 1922இல் இந்திய சர்க்காரின் பிரதிநிதியாக ஆஸ்திரேலியா, நியூஜீலந்து, கனடா ஆகிய நாடுகளில் சுற்றுப்பயணம் செய்தார். ஏற்கனவே அங்கே குடியிருந்த இந்தியருக்குச் சம உரிமை வேண்டும் என்பதே அவர் வாதம். கதவைத் திறக்குமாறு கேட்கும் நிலை அன்று இல்லை. 1925இல் ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த இந்தியர் கூட்டாட்சித் தேர்தலில் வாக்குரிமை பெற்றனர்.

இதே காலத்தில் வடிவமைப்புத் தொழில் எங்கே இருந்தது என்று கேட்கலாம். அது பிறந்துகொண்டிருந்தது, அதன் தந்தையருட் சிலர் குடியேறியவர்களே என்பதுதான் வேடிக்கை. பாரிஸில் பிறந்த ரேமண்ட் லோவி முதல் உலகப் போரில் பணியாற்றிவிட்டு 1919இல் நியூயார்க் வந்திறங்கினார். 1929இல் கெஸ்டெட்னர் நகலெடுப்பு யந்திரத்துக்குப் புதிய உருவம் தரும் பணி அவரிடம் வந்தது. துருத்திக்கொண்டிருந்த உறுப்புகளையெல்லாம் களிமண்ணால் மூடி, வழவழப்பான ஓர் உறையைச் சமைத்தார். சர்க்கார் அலுவலகங்களில் மை மணக்க ஓடிய அந்த 'சைக்ளோஸ்டைல்' யந்திரத்தை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜெர்மனியில் பௌஹௌஸ் கலைப்பள்ளி 1933இல் மூடப்பட்ட பின்னர், அதன் ஆசிரியர் வால்ட்டர் குரோப்பியஸ் 1937இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கும், மொஹோலி-நாகி சிகாகோவுக்கும் வந்து சேர்ந்தனர். இத்தகையோரை வரவேற்ற அமெரிக்காவில் ஓர் இந்தியக் கைவினைஞர் அந்நாட்களில் குடியேற முடியாது. முதற்கேள்விக்கு அவரிடம் தக்க விடை இல்லை. இரண்டாம் கேள்வியை யாரும் கேட்கவே இல்லை.

தொழில் பிறந்த உடனே அது எந்த இனத்தைச் சேர்ந்தது என்ற தகராறும் பிறந்துவிட்டது. கோடக் காமிராக்களுக்கு வடிவம் தந்த வால்ட்டர் டார்வின் டீக் என்பவரிடம் நியூயார்க் மாநிலம் வியாபார வரி கேட்டது. மருத்துவர், வழக்கறிஞர் போன்றோருக்கு அவ்வரி இல்லை. அப்படியானால் வடிவமைப்பாளர் வியாபாரியா, அல்லது வித்தை கற்ற தொழிலாளரா? 1941இல் நீதிமன்றம் அவரைப் பின்னவர் வரிசையில் வைத்தது. வரிக் கச்சேரியில் எழுந்த இக்கேள்விதான் பின்னர் விசாக் கச்சேரியிலும் எழுந்தது.

நம் நாட்டில் இத்தொழிலுக்கு வித்திட்ட அறிக்கை 1958இல் வெளியாயிற்று. இந்திய சர்க்காரின் அழைப்பின் பேரில் வந்து சுற்றிப் பார்த்த சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் எழுதியது அது. நம் வீட்டுச் சாதாரணச் சொம்பை அவர்கள் மிக அழகிய வடிவங்களுள் ஒன்றாகப் போற்றினர். 1961இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் ஏற்பட்டது. 1969இல் மும்பை ஐ.ஐ.டி.யில் தொழிற்பொருள் வடிவமைப்பு மையம் தோன்றியது.

இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையில்தான் வெளிநாடுகளின் வாசலில் கேள்விகள் இடம் மாறின. 1962இல் கனடா தன் விதிகளில் இன பேதத்தைப் பெரும்பாலும் நீக்கியது. அதே ஆண்டில் பிரிட்டன், அதுவரை காமன்வெல்த் மக்களுக்குத் திறந்திருந்த கதவை ஒருக்களித்துச் சாத்தி, வேலை உறுதி பெற்றோர், தனித்திறன் உடையோர், ஏனையோர் என மூவகைச் சீட்டுகளை வழங்கத் தொடங்கியது. 1965இல் அமெரிக்கா நாடுவாரிப் பழைய ஒதுக்கீட்டை ஒழித்து, தொழிற்கல்வி பெற்றோருக்கும் விஞ்ஞானத்திலும் கலைகளிலும் அரிய திறமை உடையோருக்கும் தனி முன்னுரிமை தந்தது. ஆஸ்திரேலியா 1966இல் கதவைச் சற்றே நெகிழ்த்தி, 1973இல் இனக் கொள்கையை அறவே கைவிட்டது.

1967ஆம் ஆண்டை மட்டும் தனியே நினைவு கூர வேண்டும். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில், வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தின் ஒரு பகுதியே என்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை பாஸ்போர்ட் என்பது சர்க்கார் மனமுவந்து தரும் பொருளாகவே கருதப்பட்டது. அத்தீர்ப்பை ஒட்டி அவ்வாண்டிலேயே பாஸ்போர்ட் சட்டம் இயற்றப்பட்டது. ஆக, நம் வீட்டு வாசல் சட்டப்படி திறந்த அதே ஆண்டில், அக்டோபர் முதல் தேதி, கனடா தன் புகழ்பெற்ற மதிப்பெண் முறையை அமுலுக்குக் கொண்டு வந்தது.

அந்தப் பட்டியல் ஆழ்ந்து பார்க்கத் தக்கது. மொத்தம் நூறு மதிப்பெண். ஐம்பது பெற்றால் தேர்ச்சி. கல்விக்கும் பயிற்சிக்கும் இருபது, தொழிலுக்கு உள்ள தேவைக்குப் பதினைந்து, தொழில் திறனுக்குப் பத்து, வயதுக்குப் பத்து, வேலை முன்னரே அமைந்திருந்தால் பத்து, ஆங்கிலம், பிரெஞ்சு அறிவுக்குப் பத்து, உறவினர் இருந்தால் ஐந்து, போகும் ஊரில் வேலை வாய்ப்புக்கு ஐந்து. எஞ்சிய பதினைந்து? அது நேரில் பார்க்கும் அதிகாரி, வந்தவரின் குணநலன்களை மதித்துத் தருவது. எண்களால் நீதியை அளக்கப் புறப்பட்டவர்களும் பழைய காவலனுக்கு ஒரு சிறு திண்ணையை ஒதுக்கி வைத்தார்கள் போலும்! ஆயினும் பிறந்த நாட்டுக்கு அப்பட்டியலில் மதிப்பெண் இல்லை. 1979இல் ஆஸ்திரேலியாவும் இத்தகைய முறையை மேற்கொண்டது. பிரிட்டன் 2008இல் தழுவியது. ஜெர்மனி 2024இல் 'வாய்ப்பு அட்டை' என்ற பெயரில் தனக்கென ஒன்றை வகுத்துக் கொண்டது.

திறமையை எண்ணால் அளக்க வேண்டுமானால் அதற்கு முதலில் ஒரு பெயர் வேண்டும். பெயரைப் பட்டியலில் ஓரிடத்தில் உட்கார வைக்க வேண்டும். இங்கேதான் நம் நண்பர் மகன் இடறினான். ஆஸ்திரேலியக் குடியேற்றத் துறை பின்பற்றி வந்த தொழிற்பட்டியலில் வடிவமைப்பாளரின் எண் 232312. அவருக்கு ஒரு பக்கத்தில் ஆடை வடிவமைப்பாளர், மறு பக்கத்தில் நகை வடிவமைப்பாளர். சற்றுத் தள்ளி, 233511 என்ற எண்ணில், பெயரால் அவருக்கு உடன்பிறந்தார் போல ஒருவர் இருக்கிறார்: அவர் தொழில்துறைப் பொறியியலாளர். ஆலையில் ஆட்களும் யந்திரங்களும் வீணின்றி இயங்கும் முறையை வகுப்பவர் அவர். பொருளுக்கு வடிவம் தருபவர் அல்லர். முன்னவரின் தகுதியை ஆராய்வது வெட்டாசெஸ் என்னும் அமைப்பு. பின்னவருக்கு எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா. கனடாவின் பட்டியலிலோ இதே வடிவமைப்பாளர் 22211 என்ற எண்ணுடன், கட்டடக்கலைத் தொழில்நுட்பருக்கும் படம் வரைவோருக்கும் நடுவே அமர்ந்திருக்கிறார். அமெரிக்காவில் இரண்டு வழிகள் உண்டு. 1990ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த எச்-1பி விசாவுக்குச் செல்பவர் குறிப்பிட்ட துறையில் பட்டம் பெற்ற தொழிலறிஞர். ஓ-1 விசாவுக்குச் செல்பவர் அசாதாரண ஆற்றல் படைத்தவர். ஒரே மனிதர், மூன்று தெருக்களில் மூன்று விதமான அண்டை வீட்டார்!

பட்டம் என்ற சொல்லிலும் ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. ஆமதாபாத் நிறுவனம் தோன்றிய நாள் முதல் டிப்ளோமாவே வழங்கி வந்தது. 2014ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமான பிறகுதான் அது பட்டம் வழங்கும் அதிகாரம் பெற்றது. அதற்கு முன் பயின்றோர், தம் டிப்ளோமா பட்டத்துக்கு நிகரானதே என்று பிறநாட்டு அதிகாரிகளுக்குச் சான்று காட்ட வேண்டியிருந்தது. நம் இளைஞன் பட்டம் பெற்ற தலைமுறையைச் சேர்ந்தவன்; அந்தத் தொல்லை அவனுக்கு இல்லை.

அவனுக்கு இருந்த தொல்லை வேறு. ஆலை தந்த சான்றுக் கடிதம் அவனை 'டிசைன் எஞ்சினியர்' என்று குறித்திருந்தது. ஆலையில் அப்படி அழைத்தால் மரியாதை அதிகம் என்பது அங்குள்ளோர் எண்ணம். படித்தது வடிவமைப்பு, கடிதத்தில் இருப்பது பொறியியல் என்றால் ஆராய்பவர் ஐயுறுவது இயல்பே. நாட்களும் ஓடிக்கொண்டிருந்தன. ஆஸ்திரேலிய மதிப்பெண் முறையில் 25 முதல் 32 வயது வரை முப்பது மதிப்பெண். 33 ஆனவுடன் அது இருபத்தைந்தாகக் குறையும். குறைந்தபட்சத் தேவை 65. ஒரு மாநில அரசு முன்மொழிந்தால் ஐந்தும், பெருநகரங்களை விட்டு மற்றப் பகுதிகளுக்குச் செல்ல இசைந்தால் பதினைந்தும் கூடும். நம் இளைஞனுக்கு அப்போது வயது முப்பத்திரண்டு.

முதற்கேள்வி முற்றிலும் மறைந்துவிட்டதா என்றால், இல்லை. அமெரிக்காவில் நிரந்தரக் குடியேற்றத்துக்கான ஆண்டு ஒதுக்கீட்டில் எந்த ஒரு நாட்டுக்கும் நூற்றுக்கு ஏழுக்கு மேல் இல்லை என்பது விதி. அதுவும் குடியுரிமை உள்ள நாட்டை வைத்தன்று, பிறந்த நாட்டை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஆகவே ஒரே தகுதியுள்ள இருவருள் சிறிய நாட்டில் பிறந்தவர் விரைவில் உள்ளே போக, இந்தியாவில் பிறந்தவர் வரிசையில் பல ஆண்டுகள் நிற்கிறார். 2025 செப்டம்பரில், வெளியிலிருந்து புதிதாக வருவோருக்கான எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணமும் அறிவிக்கப்பட்டது. திறமை, பிறப்பு என்ற இரண்டோடு பணப்பை என்ற மூன்றாவது கேள்வியும் வாசலில் வந்து நின்றுவிட்டது.

நம் இளைஞன் ஆலை அதிகாரியை மீண்டும் கண்டு, தான் செய்யும் பணிகளை ஒவ்வொன்றாக விவரிக்கும் புதிய கடிதம் பெற்றான்: பயன்படுத்துவோரைக் கண்டு விசாரித்தது, வரைந்த மாதிரிகள், களிமண்ணிலும் நுரைப்பலகையிலும் செய்த உருவங்கள், அச்சுக்குப் போன இறுதி வரைபடம். தன் வேலைகளின் படத்தொகுப்பையும் இணைத்தான். அதன் முதல் பக்கத்தில் எதை வைப்பது என்று கேட்டபோது, கலவை யந்திரத்தின் கைப்பிடியையே வைக்கச் சொன்னோம். தொழிலின் பெயர் எழுதும் இடத்தில் 232312 என்ற எண்ணை எழுதினான். பத்திரங்கள் போயிருக்கின்றன. பதில் இன்னும் வரவில்லை. பிறந்த நாளுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.