வக்ஃபும் மருத்துவ ஆய்வும்

நோயாளியின் படுக்கையருகே மருத்துவர் கொள்ளும் ஐயமே ஆய்வின் வித்து. அபூபக்ர் அர்ராஸீ (மறைவு கி.பி. 925) மூளைக்காய்ச்சலின் அறிகுறி கண்டோரில் ஒரு சாராருக்கு இரத்தம் குத்தி எடுத்தார்; மறு சாராரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாது விட்டு, விளைவை ஒப்பிட்டு ‘அல்ஹாவீ’யில் பதிந்தார்.

வித்து முளைக்கப் பொருள் வேண்டும். பிற்காலத்தில் அதை வழங்கியது வக்ஃபு. ஹிஜ்ரி 683இல் (கி.பி. 1284) சுல்தான் கலாவூன் கெய்ரோவில் நிறுவிய மன்ஸூரீ மருத்துவமனையின் வக்ஃபு வருவாய், சிகிச்சையோடு மருத்துவக் கல்விக்கும் பயன்பட்டது. இதயத்திலிருந்து நுரையீரல் வழியே குருதி செல்வதை விளக்கிய இப்னுந் நஃபீஸ், 1288இல் மறைந்தபோது தம் இல்லத்தையும் நூல்களையும் அதற்கே விட்டுச் சென்றார்.

இன்று நம் வக்ஃபுகள் பள்ளிவாசல்களைப் பேணுகின்றன. இளம் மருத்துவர் ஒருவரின் முதல் ஐயத்தைச் சோதிக்கச் சிறு தொகை அளிப்பதும் ஸதகத்துல் ஜாரியாவே என்பது நம் கருத்து.