சைக்கிள் பின்விளக்கு

இருட்டிலும் மழையிலும் மங்கலான பொழுதுகளிலும், பின்னால் வரும் வாகன ஓட்டிக்குச் சைக்கிள் போவதைத் தெரிவிக்க வண்டியின் பின்புறம் பொருத்தப்படும் சிவப்பு விளக்கு. கடைகளில் ‘டேஞ்சர் லைட்’ என்றும் கேட்டு வாங்குவார்கள். முன்விளக்கு பாதையைக் காட்டும். அது அணைந்தால் ஓட்டுபவருக்கு உடனே தெரிந்துவிடும். பின்விளக்கு அப்படியில்லை. அது எரிகிறதா, அணைந்துவிட்டதா என்று சீட்டில் உட்கார்ந்தபடி பார்க்க முடியாது. தினமும் வேலைக்கோ படிப்புக்கோ சைக்கிளில் போய் வருபவர் பின்விளக்கு வாங்கும்போது இதைத்தான் முதலில் நினைவில் வைக்க வேண்டும். நம்பகமாக எரிவது முதல் தகுதி, பிரகாசம் இரண்டாவது.

பின்னால் வருபவர் பார்ப்பது

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் லாரிக்கு முன்னால் 15 கி.மீ. வேகத்தில் ஒரு சைக்கிள் போகிறது என்று கொள்வோம். இடைவெளி நொடிக்கு 12.5 மீட்டர் குறைகிறது. டிம் வெளிச்சத்தில் கறுப்புச் சட்டைக்காரர் 30 மீட்டரில்தான் கண்ணில் படுகிறார் என்றால், லாரி ஓட்டுநருக்கு மிஞ்சுவது இரண்டரை நொடிக்கும் குறைவு. அதே சைக்கிளில் ஒரு சிவப்பு விளக்கு 200 மீட்டரிலேயே தெரிந்தால் 16 நொடி கிடைக்கும். எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்து, வேகத்தைக் குறைத்து, விலகிப் போக அது போதும். தெருவிளக்கு இல்லாத கிராமச் சாலைகளில், எதிரே ஹைபீம் போட்டு வரும் வண்டி ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்கிறது. அந்த நேரத்தில் சாலையின் இடது ஓரம் அவருக்கு வெறும் கருப்பாகத்தான் தெரியும். தானே ஒளிவிடும் பொருள் மட்டுமே அந்தக் கருப்பிலிருந்து தனித்து நிற்கும்.

இன்று விற்கும் பெரும்பாலான சைக்கிள்களில் விளக்கு இருப்பதில்லை, ரிஃப்ளெக்டர்தான் வருகிறது. சிவப்பு பிளாஸ்டிக்கின் உட்புறம் கனசதுரத்தின் மூலை போன்ற வடிவில் நுண்ணிய பள்ளங்கள் வரிசையாக இருக்கும். வந்த திசைக்கே ஒளியைத் திருப்பி அனுப்புவது அவற்றின் வேலை. இந்தியாவில் சைக்கிள் ரிஃப்ளெக்டர்களுக்குத் தர முத்திரை வேண்டும் என்று மத்திய அரசு 2020இல் ஆணை பிறப்பித்தது. நல்ல ரிஃப்ளெக்டருக்குப் பேட்டரி தேவையில்லை, பழுதாவதும் அரிது. ஆனால் பின்வரும் வண்டியின் ஹெட்லைட் அதன்மேல் விழுந்தால்தான் அது உயிர்பெறும். பழைய சைக்கிள்களைக் குனிந்து பார்த்தால் இன்னொரு குறையும் தெரியும்: ஸ்டாண்டில் ஏற்றி இறக்கி, சுவரில் இடித்து, மட்கார்டு வளைந்திருக்கும்; அதன் நுனியில் இருக்கும் ரிஃப்ளெக்டர் தரையையோ வானத்தையோ பார்த்துக்கொண்டிருக்கும். சேறு படிந்து பல மாதம் துடைக்காமல் கிடப்பதும் சாதாரணம். ரிஃப்ளெக்டர் இருக்கவே வேண்டும். விளக்கு தவறிய இரவில் அது துணை நிற்கும். விளக்குக்கு மாற்றாக அதை எண்ணிவிடக் கூடாது.

அசையும் ரிஃப்ளெக்டரின் கதை வேறு. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வுட் குழுவினர், மூடப்பட்ட சாலையொன்றில் இரவு நேரச் சோதனை நடத்தி 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கறுப்பு உடையில் இருந்த சைக்கிளோட்டிகளை ஓட்டுநர்கள் அடையாளம் கண்டது 2 சதவீதம் மட்டுமே. ஒளிர்நிற மேலங்கிக்கு 15, ரிஃப்ளெக்டர் பட்டை வைத்த மேலங்கிக்கு 50. அதனுடன் கணுக்காலிலும் முழங்காலிலும் ரிஃப்ளெக்டர் பட்டை கட்டியபோது 90 சதவீதம். மேலும் கீழும் போய்வரும் கால், ‘இது பெடல் மிதிக்கும் மனிதர்’ என்று பார்ப்பவரின் மூளைக்குச் சொல்லிவிடுகிறது. பின்விளக்கு ‘ஏதோ இருக்கிறது’ என்று தொலைவிலேயே எச்சரிக்கும். அது என்ன என்பதை அருகில் வந்ததும் கணுக்கால் பட்டையும் பெடல் ரிஃப்ளெக்டரும் தெரிவிக்கும். இரண்டையும் சேர்த்தே வாங்குவது நல்லது. பட்டையின் விலையும் குறைவுதான்.

டைனமோ காலம்

பின்விளக்கு எல்லோரும் விரும்பி ஏற்ற பொருள் அல்ல. பிரிட்டனில் சைக்கிளோட்டிகளின் சங்கமே அதைப் பல ஆண்டுகள் எதிர்த்தது. முன்னால் இருப்பதைப் பார்த்து ஓட்டுவது மோட்டார் ஓட்டுநரின் கடமை, பின்விளக்கைக் கட்டாயமாக்கினால் பழி சைக்கிள்காரர்மேல் விழும் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் இரண்டாம் உலகப் போரின் இருட்டடிப்பு இரவுகள் வாதத்துக்கு இடம் வைக்கவில்லை. போர்க்காலத்தில் வந்த கட்டாயம் 1945இல் நிரந்தரச் சட்டமானது. பின் மட்கார்டின் நுனியில் வெள்ளை வண்ணம் தீட்டும் வழக்கமும் அந்தக் கால பிரிட்டனிலிருந்து வந்ததே. இந்தியாவின் கறுப்பு நிறப் பெரிய சைக்கிள்களின் மட்கார்டில் அந்த வெள்ளைத் திட்டை இன்றும் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் விளக்கில்லாமல் இரவில் சைக்கிள் ஓட்டினால் காவலர் நிறுத்தி அபராதம் போட்ட காலம் இருந்தது. ஹேண்டில் பாரில் மண்ணெண்ணெய் விளக்கைத் தொங்கவிட்டுப் போனவர்களும் உண்டு. பிறகு டைனமோ வந்தது. டயரின் பக்கவாட்டில் உருளும் சிறு சக்கரம் 6 வோல்ட், 3 வாட் மின்சாரம் தரும். அதில் 2.4 வாட் முன்விளக்குக்கு. பின்விளக்குக்கு வருவது 0.6 வாட்தான். முன்பல்பு ஃபியூஸ் போனால் மின்னழுத்தம் ஏறிப் பின்பல்பும் கருகிவிடும். ஒற்றை ஒயர்தான் பின்னால் ஓடும். மின்சாரம் திரும்பி வருவது சைக்கிளின் இரும்புச் சட்டம் வழியாக. மட்கார்டு போல்ட்டில் துரு ஏறினால் சுற்று அறுந்து விளக்கு அணையும். முன்விளக்கு எரிந்துகொண்டிருப்பதால் ஓட்டுபவருக்குச் சந்தேகமே வராது. மழையில் டயர் வழுக்கும். சிக்னலில் நின்றால் இரண்டு விளக்கும் அணைந்துவிடும்.

டைனமோவின் குணம் இன்று வெகுவாக மாறிவிட்டது. இங்கிலாந்தின் ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் 1936லேயே சக்கரத்தின் அச்சுக்குள் அடங்கும் டைனமோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இப்போதைய அச்சு டைனமோக்கள் சத்தமில்லாமல் சுற்றுகின்றன, மழையில் வழுக்குவதில்லை. அவற்றோடு இணையும் எல்இடி பின்விளக்கில் உள்ள மின்தேக்கி, வண்டி நின்ற பிறகும் சில நிமிடம் விளக்கை எரிய வைக்கிறது. சார்ஜ் போட மறப்பது, திருட்டு போவது, பேட்டரி இறங்குவது எதுவும் இதில் இல்லை. அச்சு டைனமோ நம் ஊர்ச் சைக்கிள் கடைகளில் எளிதில் கிடைக்காது, சக்கரத்தையே புதிதாகக் கோக்க வேண்டியிருக்கும். இந்தச் செலவுக்குத் துணிந்தவருக்கு அன்றாடப் போக்குவரத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

லுமென் கணக்கு

பேட்டரி விளக்கின் அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பது லுமென். விளக்கு எல்லாத் திசையிலும் கொட்டும் ஒளியின் மொத்த அளவு அது. பின்னால் வருபவரின் கண்ணுக்கு எவ்வளவு வருகிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. 20 லுமென் ஒளியை 20 டிகிரி கூம்புக்குள் அடக்கினால் சுமார் 200 கேண்டெலா கிடைக்கும். அதே 20 லுமெனை 120 டிகிரிக்கு விரித்தால் 6 கேண்டெலாதான். குறுகிய ஒளி நேர்ப்பின்னால் வெகுதூரம் தெரியும். ஆனால் சாலை வளைந்தாலோ விளக்கு கொஞ்சம் சாய்ந்தாலோ மறைந்துவிடும். விரிந்த ஒளி சந்திப்பில் பக்கவாட்டிலிருந்து வருபவருக்கும் தெரியும். வேலைக்குப் போய் வருபவருக்கு வேண்டியது இரண்டின் கலவை: நடுவில் கூர்மையான ஒளி, இரு பக்கமும் மென்மையான கசிவு. இரவு ஓட்டத்துக்கு 10 முதல் 50 லுமென் தாராளம். 100 லுமெனுக்கு மேல் போவது பகல் வெளிச்சத்தில் மினுக்குவதற்கு. இரவில் அதை எரியவிட்டால் பின்னால் வரும் சைக்கிள்காரரின் கண்ணைத்தான் குத்தும்.

ஒளி வரும் பரப்பும் முக்கியம். ஒரே புள்ளியாகத் தெரியும் விளக்கைப் பார்த்துத் தூரத்தைக் கணிப்பது கடினம். கிடைமட்டக் கோடாகவோ அகன்ற பட்டையாகவோ ஒளிர்ந்தால், நெருங்க நெருங்க அது பெரிதாவதைக் கண் பிடித்துக்கொள்ளும். ஜெர்மனியின் புஷ் உண்ட் முல்லர் நிறுவனத்தின் ‘டாப்லைட் லைன்’ இந்த எண்ணத்தில் உருவானது.

மினுக்கலா, நிலையான ஒளியா

மினுக்கல் கண்ணை இழுக்கும். பகலில் அதற்கு ஈடில்லை. ஆனால் இருட்டில், அணைந்திருக்கும் கணங்களில் சைக்கிள் எங்கே நகர்ந்தது என்று ஓட்டுநர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. தூரமும் வேகமும் பிடிபடுவதில்லை. ஜெர்மனியும் நெதர்லாந்தும் சைக்கிளில் மினுக்கும் விளக்கை அனுமதிப்பதில்லை. பிரிட்டன் 2005இல் அனுமதித்தது; நிமிடத்துக்கு 60 முதல் 240 முறை சீராக மினுக்க வேண்டும் என்பது அங்கே விதி. இருட்டுக்கு நிலையான ஒளி, பகலுக்கு மினுக்கல் என்று வைத்துக்கொள்ளலாம். நிலையான ஒளி குறையாமல் மேலே ஒரு துடிப்பைச் சேர்க்கும் விளக்குகளும் உண்டு. இரண்டுக்கும் ஒரே விளக்கு வேண்டும் என்பவருக்கு அவை பொருந்தும். நீலமும் சிவப்புமாக மாறி மாறி அடிப்பவை, சாலையில் லேசர் கோடு போடுபவை ஆகியவற்றைத் தவிர்க்கலாம். பின்னால் சிவப்பு என்பது உலகமெங்கும் எல்லா ஓட்டுநருக்கும் பழகிய குறிப்பு. அதைக் குழப்புவதால் பயனில்லை.

பகலிலும் எரியும் விளக்கால் பலன் உண்டா என்பதை டென்மார்க்கின் ஓடென்சே நகரில் சோதித்தார்கள். 2004 நவம்பர் முதல் ஓராண்டு, 3,845 சைக்கிளோட்டிகள் பங்கேற்றனர். ஒரு பிரிவினரின் சக்கரத்தில் காந்தத்தால் இயங்கி எந்நேரமும் மினுக்கும் விளக்குகள் பொருத்தப்பட்டன. அவர்களுக்குக் காயம் ஏற்படுத்திய விபத்துகள் மற்றவர்களைவிட 19 சதவீதம் குறைவு. அந்த விளக்கில் போட மறக்க ஒரு சுவிட்சே கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

பேட்டரி

மாலையில் மட்டும் 40 நிமிடம் இருட்டில் ஓட்டுபவருக்கு வாரம் ஆறு நாளில் தேவைப்படுவது 4 மணி நேரம். நிலையான ஒளியில் 10 மணி நேரம் தாங்கும் விளக்கை ஞாயிறுதோறும் சார்ஜ் போட்டால் போதும். 3 மணி நேரமே தாங்குவது வெள்ளிக்கிழமையே கைவிடும். அட்டையில் ‘60 மணி நேரம்’ என்று இருப்பது பெரும்பாலும் மினுக்கலுக்கான கணக்கு. நிலையான ஒளிக்கு எவ்வளவு என்று பார்த்து வாங்க வேண்டும். லித்தியம் பேட்டரி விளக்குகளில் பல, கடைசிவரை நன்றாக எரிந்துவிட்டுச் சட்டென்று அணையும். சார்ஜ் குறைந்ததைக் காட்டும் சிறு விளக்கு அவற்றில் அவசியம். டிவி ரிமோட்டில் போடும் ஏஏஏ செல்லில் எரிபவை மெல்ல மெல்ல மங்கும். செல் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் என்பது அவற்றின் பெரிய அனுகூலம். பட்டன் செல்லில் எரியும் சின்னஞ்சிறு விளக்குகள் அவசரத்துக்கு மட்டுமே. வீட்டில் குழந்தைகள் இருந்தால் பட்டன் செல் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். விழுங்கினால் உணவுக்குழாயைச் சில மணி நேரத்தில் அரித்துவிடும்.

கொளுத்தும் வெயிலில் நாள் முழுக்க நிறுத்தி வைக்கும் சைக்கிளில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் கிழடு தட்டிவிடும். விளக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டால் வெயிலுக்கும் திருட்டுக்கும் ஒரே பாதுகாப்பு. ஆனால் கழற்றியதை மாலையில் மாட்ட மறக்கும் ஆளாக இருந்தால், போல்ட் போட்டு முடுக்கும் விளக்கே மேல்.

எங்கே மாட்டுவது

கடையில் எல்லா விளக்கையும் சீட் கம்பியில் மாட்டித்தான் காட்டுவார்கள். பந்தய சைக்கிளுக்கு அது சரி. வேலைக்குப் போகும் சைக்கிளில் கேரியர் இருக்கும். கேரியரில் சாப்பாட்டுப் பை, காய்கறி மூட்டை, சில நாள் பின்னால் உட்காரும் பிள்ளை. சீட் கம்பி விளக்கு அவற்றுக்குப் பின்னால் ஒளிந்துவிடும். மழைக்கோட்டின் பின்பகுதியும் தொங்கி மறைக்கும். முதுகுப்பையில் மாட்டினால் குனியும்போது ஒளி வானத்துக்குப் போகும். கேரியரின் பின்விளிம்பு அல்லது மட்கார்டின் மேற்பகுதி, எப்போதும் மறையாத இடங்கள். ஜெர்மன் விதியில் பின்விளக்கின் உயரம் தரையிலிருந்து 25 முதல் 120 செ.மீ. வரை, கேரியர் விளிம்பு இதற்குள் வசதியாக அடங்கும். ஒளி தரைக்கு இணையாக, நேர் பின்னோக்கி இருக்க வேண்டும்.

மழையைத் தாங்கும் திறனை ஐபி எண் சொல்லும். ஐபிஎக்ஸ்4 என்றால் எத்திசையிலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும். ஐபிஎக்ஸ்7 ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். வடகிழக்குப் பருவமழையில், மட்கார்டு இல்லாத சக்கரம் வாரியடிக்கும் சேற்றுநீருக்கு நேரே மாட்டுவதாக இருந்தால் இரண்டாவதே நல்லது. நடைமுறையில் தண்ணீர் நுழையும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: சார்ஜ் துளையை மூடும் ரப்பர் மூடி. சில மாதத்தில் அது தளர்ந்து சரியாக உட்காராது.

அண்மைக்காலச் சேர்க்கைகளில், வேகம் குறைவதை உணர்ந்து பளிச்சிடும் பிரேக் விளக்கும் ரேடார் விளக்கும் குறிப்பிடத்தக்கவை. 2015இல் கார்மின் நிறுவனம் ரேடாருடன் கூடிய பின்விளக்கை அறிமுகப்படுத்தியது. பின்னர் வந்த வகை ஒன்று, பின்னால் வரும் வண்டியை 140 மீட்டர் தொலைவிலேயே உணர்ந்து ஓட்டுபவருக்குக் காட்டுகிறது. நெடுஞ்சாலையில் பயன் அதிகம். வண்டிகள் நெருங்கி ஊரும் நகரத் தெருவில் அது ஓயாமல் எச்சரித்துக்கொண்டே இருக்கும்.

கடையில் வாங்கும்போது விளக்கை நிலையான ஒளியில் எரியவிட்டு, வாசலுக்கு வெளியே வைத்து முப்பது அடி தள்ளிப்போய் நேராகவும் இரு பக்கமிருந்தும் பார்ப்பது நல்லது. பட்டனை விரலால் உணர்ந்து அழுத்த முடிகிறதா, அணைத்துப் போட்டாலும் கடைசியாக வைத்த ஒளிநிலையிலேயே மறுபடி எரிகிறதா என்று பார்க்க வேண்டும். மாட்டும் ரப்பர் பட்டை வெயிலில் வெடிப்பு விடும். மாற்றுப் பட்டை தனியாகக் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட வேண்டும்.