வாயில்லாச் சீவன்களும் சிறுநீரக மருத்துவமும்

ஒரு கண் பழுதுபட்டால் மறு கண்ணைக் கொண்டு உலகைக் காணலாம் என்பதை யாவரும் அறிவர். இரண்டு சிறுநீரகங்களில் ஒன்றை அறுத்து எடுத்துவிட்டால், எஞ்சிய ஒன்று உடலைக் காக்குமா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மருத்துவர்கள் இக்கேள்விக்குத் துணிந்து விடை கூறியதில்லை. அவ்விடையை அவர்களுக்கு அளித்தவை நாய்கள்.

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் குஸ்டாவ் சைமன் என்னும் அறுவை மருத்துவர் இருந்தார். முன்பு நடந்த ஓர் அறுவையில் சிறுநீர்க்குழாய், அதாவது சிறுநீரகத்திலிருந்து சிறுநீரைப் பைக்குக் கொண்டுசெல்லும் மெல்லிய குழாய், சிதைந்துபோன பெண் ஒருத்தி அவரிடம் வந்தாள். சிறுநீர் ஓயாமல் உடலினின்று கசிந்துகொண்டிருந்தது. குழாயைச் சீர்செய்ய அவர் மேற்கொண்ட முயற்சிகள் பலிக்கவில்லை. அக்குழாய்க்கு உரிய சிறுநீரகத்தையே அகற்றிவிடுவது ஒன்றே வழி. ஆனால் அதன்பின் அவள் பிழைப்பாளா?

சைமன் முதலில் நாய்களிடம் இதனைச் சோதித்தார். ஒரு சிறுநீரகத்தை இழந்த நாய்கள் உயிர்வாழ்ந்தன. எஞ்சிய சிறுநீரகம் பருத்து, இரண்டின் வேலையையும் தானே ஏற்றது. அந்தத் துணிவில் 1869 ஆகஸ்டு 2 அன்று அவர் அப்பெண்ணுக்கு அறுவை செய்தார். அவள் நலம் பெற்றாள். திட்டமிட்டுச் சிறுநீரகத்தை அகற்றி வெற்றி கண்ட முதல் அறுவை இதுவே.

அகற்றும் கலை கைவந்தது. பொருத்தும் கலைக்கு மேலும் ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியதாயிற்று. அறுந்த இரத்தக் குழாய்களை ஒன்றோடொன்று தைத்து இணைக்க நம்பத்தக்க முறை அப்போது இல்லை. 1894இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ லியோன் நகரில் கத்திக்குத்துக்கு ஆளாகி, அறுபட்ட இரத்த நாளத்தைத் தைக்க வழியின்றி மாண்டார். அந்நகரின் இளம் மருத்துவர் அலெக்சிஸ் கரேல் இதனை மனத்திற்கொண்டு, பூவேலை செய்யும் பெண்மணி ஒருவரிடம் நுண்ணிய ஊசிவேலையைக் கற்றார். 1902இல் தமது தையல் முறையை வெளியிட்டார். அதே ஆண்டில் வியன்னாவில் எமரிக் உல்மன் ஒரு நாயின் சிறுநீரகத்தை எடுத்து அந்நாயின் கழுத்திலேயே பொருத்தினார். அதன் குழாயிலிருந்து சிறுநீர் சொட்டியதை மருத்துவர் சபை நேரில் கண்டது.

கரேல் பின்னர் அமெரிக்கா சென்று, நாய்களிலும் பூனைகளிலும் சிறுநீரகங்களை மாற்றிப் பொருத்தும் சோதனைகளை நடத்தினார். 1912இல் நோபல் பரிசு பெற்றார். ஆயினும் ஒரு விந்தை அவரை மறித்தது. ஒரு நாயின் சிறுநீரகத்தை அதன் உடலிலேயே இடம் மாற்றிவைத்தால் அது உழைத்தது. மற்றொரு நாயினுடையதை வைத்தால் சில நாட்களிலேயே கெட்டது. குற்றம் தையலில் இல்லை, அயல் உறுப்பை ஏற்க மறுக்கும் உடலின் இயல்பில் இருக்கிறது என்பதை அவர் உணர்ந்தார்.

பாஸ்டன் நகரில் ஜோசப் மரே, சிறுநீரகத்தை அடிவயிற்றில் அமர்த்திச் சிறுநீர்க்குழாயைப் பையோடு இணைக்கும் முறையை நாய்களிடம் செம்மைப்படுத்தினார். 1954 டிசம்பர் 23 அன்று, ஒத்த இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். இரட்டையர் அல்லாதாருக்கு வழி என்ன? 1960 முதல் ராய் கேல்ன் நாய்களுக்கு மருந்து கொடுத்து, உடலின் மறுப்பை அடக்க முடியும் என்று காட்டினார். அயல் சிறுநீரகத்துடன் பல மாதங்கள் வாழ்ந்த ‘லாலிபாப்’ என்னும் நாய் அக்கூடத்தில் புகழ்பெற்றது. அந்த ஆராய்ச்சியில் தேர்ந்த அசதியோப்ரின் என்னும் மருந்தே 1962இல், இறந்தவர் ஒருவரின் சிறுநீரகம் நோயாளியிடம் ஓராண்டுக்கு மேல் உழைக்கத் துணைநின்றது.

அக்கலை 1971இல் வேலூரை அடைந்தது. கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நம் நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நிகழ்ந்தது. கல்கத்தாவிலிருந்து ஊர் திரும்பும் தமிழர்கள், தம்மோடு அதே வண்டியில் வந்து காட்பாடியில் இறங்கும் வங்காள நோயாளிகளைக் கண்டிருப்பர். அவர்களுள் சிறுநீரக நோயாளிகளும் உண்டு. அவர்களுக்குக் கிட்டும் நல்வாழ்வுக்குப் பின்னே அந்த நாய்களின் வாழ்வும் இருக்கிறது.

சரி, இந்த அறிவு அவ்விலங்குகளுக்குத் திரும்பி வந்ததா? காலந்தாழ்ந்தாயினும் வந்தது. பழுதுற்ற சிறுநீரகத்தை நாய்க்கு அகற்றுவதும், பிறவியிலேயே தவறான இடத்தில் திறக்கும் சிறுநீர்க்குழாயைச் சீர்செய்வதும் இன்று கால்நடை மருத்துவத்தில் வழக்கமாகிவிட்டன. பூனையின் சிறுநீர்க்குழாயினது உட்புழையோ ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர், ஒரு சிறு மணல் போன்ற கல்லும் அதை அடைத்துவிடும். கல்லை எடுக்க இயலாதபோது, சிறுநீரகத்திலிருந்து பைக்குத் தோலின் கீழாக வேறொரு குழாய் அமைத்துச் சிறுநீரைத் திருப்பிவிடுகின்றனர்.

1980களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கிளேர் கிரிகரி குழுவினர் நோயுற்ற பூனைகளுக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தலாயினர். மனிதருக்கென வந்த சைக்ளோஸ்போரின் மருந்து இங்கும் கைகொடுத்தது. நாய்களின் உடலோ இன்னும் கடுமையாக மறுக்கிறது. மனிதருக்கு வழிகாட்டிய இனத்துக்கே அவ்வழி குறுகலாய் உள்ளது.

இங்கே ஓர் அறக்கேள்வி எழுகிறது. மனிதன் மனமுவந்து தன் உறுப்பைத் தருகிறான். பூனையிடம் சம்மதம் கேட்பது எவ்வாறு? ஆகவே, சிறுநீரகம் அளித்த பூனையையும் நோயாளிப் பூனையின் உரிமையாளரே ஏற்று, அதன் ஆயுள் முழுதும் பேண வேண்டும் என்று அம்மருத்துவர்கள் நிபந்தனை விதித்தனர். கேள்விக்கு இது முழு விடை ஆகாது. எனினும், ஓர் உயிரிடமிருந்து கேளாமல் பெற்றுக்கொண்டால் அதற்குச் செய்ய வேண்டிய கடமையும் உண்டு என்பதை அவர்கள் எழுத்தில் ஏற்றனர். சைமனின் காலத்து நாய்களுக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் இருந்ததில்லை.