காரம் தொலைத்த மிளகாய்

ஹங்கேரிக்காரர் வீட்டுச் சாப்பாடு பார்க்கச் செக்கச்செவேல் என்றிருக்கும். அந்த நிறத்துக்குப் பயந்து தண்ணீர்ச் செம்போடு உட்காரும் நம்மவருக்கு ஏமாற்றம்தான். நாக்கில் லேசான தித்திப்பே தட்டுப்படும். பாப்ரிகா என்ற அந்தத் தூளும் மிளகாய்த்தூள்தான். நம் வற்றல் மிளகாயும் குடமிளகாயும் அதுவும் ஒரே செடியினம்.

மிளகைத் தேடிப் போன கொலம்பஸ் 1493-ல் மிளகாயோடு ஸ்பெயினுக்குத் திரும்பினார். அங்கே லா வேரா பகுதியில் அறுவடை சமயத்தில் மழை பிடித்துக்கொள்ளும். வெயிலில் காயப்போட வழியில்லாமல் ஓக் விறகுப் புகையில் உலர்த்தினார்கள். அந்தப் புகை வாசனைக்காகவே இன்று அந்த ஊர்த் தூளைத் தேடி வாங்குகிறார்கள்.

1542-ல் ஜெர்மனியின் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் தமது மூலிகை நூலில் மிளகாய்ச் செடியைப் படம் போட்டு, 'கள்ளிக்கோட்டை மிளகு' என்று பேரும் வைத்தார். அமெரிக்கச் செடிக்கு மலையாளக் கரை முகவரி! ஐம்பதே ஆண்டுகளில் பிறந்த ஊர் மறந்துபோகும் அளவுக்குக் கப்பல்கள் அதைச் சுற்றவைத்திருந்தன.

ஹங்கேரிக்கு அது துருக்கியர் ஆட்சியில் 'துருக்கி மிளகு' என்ற பேரோடு வந்தது. சீமாட்டிகள் அதை அழகுக்காகத் தோட்டத்தில் வளர்த்தார்கள். நிஜ மிளகு வாங்க வக்கில்லாத குடியானவர்களும் சமவெளியில் மாடு மேய்த்தவர்களும்தான் அதை இடித்துக் கறிச்சட்டியில் போட்டவர்கள். 1806-ல் நெப்போலியன் இங்கிலாந்துச் சரக்கு ஐரோப்பாவுக்குள் வராமல் மறித்ததும் மிளகுக்குக் கிராக்கி. மாட்டுக்காரர் மசாலா மாளிகைக்குள் நுழைய அது வசதியாகிவிட்டது.

அதுவரை அந்தத் தூளில் காரம் இருந்தது. மிளகாயின் உறைப்பு விதையில் பிறப்பதில்லை. விதையைத் தாங்கும் வெள்ளை நரம்பில் இருக்கிறது. 1859-ல் சேகெட் நகரத்துப் பால்ஃபி சகோதரர்கள் நரம்பையும் விதையையும் நீக்கிவிட்டு அரைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொரு வற்றலாகக் கத்தியால் கீறி நரம்பை உரித்தார்கள். ஊரார் நாக்குக்குச் சாந்தமான தூள் வேண்டுமென்றால் அவர்கள் விரல்கள் எரிந்தாக வேண்டும். காரத்துக்கு அஞ்சிய வெளியூர்க்காரர்களும் வாங்கத் தொடங்கினார்கள். குளிர் நாட்டு நாக்குக்குக் காரம் ஆகாது என்று சொல்வது வழக்கம். அதே குளிரில் தலைமுறைகளாக உறைப்பைத் தின்றவர்கள்தானே ஹங்கேரிக்காரர்கள்? இங்கே காரத்தைக் குறைத்ததில் வியாபாரத்துக்குத்தான் பெரிய பங்கு என்று எனக்குத் தோன்றுகிறது.

காரம் போனதும் தூளைச் சிட்டிகையாக இல்லாமல் கரண்டி கரண்டியாகப் போடலாம் என்றாயிற்று. பன்றிக் கொழுப்பில் வெங்காயத்தை வதக்கி, சட்டியை இறக்கிவிட்டுத்தான் தூளைக் கொட்டுவார்கள். அடுப்பிலேயே போட்டால் அதிலுள்ள சர்க்கரை கருகிக் கசந்துவிடும். உறைப்பு விரும்பிகளும் அடியோடு மறைந்துவிடவில்லை. சேகெட் மீன் சூப்போடு கார மிளகாய் தனியாக வரும்.

அதே சேகெட்டில் 1930-களில் ஆல்பர்ட் செண்ட்-ஜார்ஜி என்ற விஞ்ஞானி வைட்டமின் சி-யைப் போதுமான அளவு பிரித்தெடுக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் மனைவி பாப்ரிகா காயை வைத்தார். அவருக்கோ அதைத் தின்ன மனமில்லை. நேராக மறுக்கத் தயங்கி, 'ஆய்வுக்கு வேண்டும்' என்று சாக்குச் சொல்லி ஆய்வகத்துக்கு எடுத்துப் போய்விட்டார். சோதித்தால் காய் முழுக்க வைட்டமின் சி! சில வாரங்களில் கிலோ கணக்கில் எடுத்தார். 1937-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.